விமானம் மோதினால் கட்டடம் எதை நம்பி நிற்கிறது?

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் முழுப் பாரத்தோடு சுமார் 23 டன் இருக்கும். தரை தொடும் நேரத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி. ஓமலூர் ரோட்டுப் பக்கம் அடுக்குமாடியில் வீடு பார்க்கப் போகிறவர்கள், அது தாழப் பறப்பதைப் பார்த்துவிட்டு பில்டரிடம் கேட்பதுண்டு: “பிளேன் வந்து மோதினா இந்தக் கட்டடம் தாங்குமா சார்?” நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மோதும் அந்த ஒரு விநாடியைத் தாங்குமா என்பது ஒன்று. அதற்குப் பின் வரும் ஒன்றரை மணி நேரத்தைத் தாங்குமா என்பது இன்னொன்று. உயரக் கட்டடங்களைப் பொறுத்தவரை முதல் கேள்வியை விட இரண்டாவதுதான் கடினமானது.

முதலில் அடியின் அளவைப் பார்த்துவிடலாம். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும்: பாரம் இரண்டு மடங்கானால் அடி இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. 40 டன் எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லாரியிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 5.5 மெகா ஜூல். தரையிறங்கும் ஏ.டி.ஆர். விமானத்திடம் 35 மெகா ஜூல், அதாவது ஆறு லாரிக்கு மேல். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதிய போயிங் 767 சுமார் 128 டன் எடையோடு மணிக்கு 710 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. அதனிடம் 2,500 மெகா ஜூல் இருந்தது. நானூற்றைம்பது லாரிகள் ஒரே நொடியில், ஒரே இடத்தில். தெற்குக் கோபுரத்தில் மோதியது மணிக்கு 870 கிலோமீட்டரில். எடை ஏறத்தாழ அதேதான் என்றாலும் ஆற்றல் ஒன்றரை மடங்கு.

இவ்வளவு பெரிய அடி கட்டடத்துக்குள் எப்படி இறங்குகிறது? விமானம் ஒரு கட்டி இரும்பு இல்லை. சேலத்துக்காரர்களுக்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாகப் பழுத்த மல்கோவாவைச் சுவரில் எறிந்து பார்த்தால் போதும். மெல்லிய தோல் கிழிகிறது, சதை நசுங்கிச் சிதறுகிறது, சாறு தெறிக்கிறது. கொட்டை மட்டும் தன் அடியைத் தனியாக அடிக்கிறது. விமானத்தின் உடல் அலுமினியத் தோல். இறக்கையில் இருக்கும் எரிபொருள் சாறு. என்ஜின்களும் சக்கரக் கால்களும் கொட்டை. 767-இன் ஒரு என்ஜின் மட்டும் 4 டன் அளவில் வரும். உடல் பகுதி கட்டடத்தை மொத்தமாகத் தள்ளுகிறது. என்ஜின் ஓரிடத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதனால் பொறியாளர்கள் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போடுகிறார்கள்.

தள்ளும் விசைக்கு இன்றும் பயன்படும் முறையை 1968-இல் ஜார்ஜ் ரியேரா வகுத்தார். அணு உலைக் கட்டடங்களுக்காக வந்த முறை அது. மூக்கிலிருந்து வால் வரை விமானத்தைத் துண்டு துண்டாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கணத்திலும் சுவர் உணரும் விசை இரண்டு பங்குகளால் ஆனது. அந்தக் கணத்தில் நசுங்கும் துண்டு நசுங்க மறுக்கும் பலம் ஒரு பங்கு. அந்தத் துண்டின் ஒரு மீட்டர் நீளத்துக்கு உள்ள எடையை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய தொகையோடு பெருக்கினால் வருவது இன்னொரு பங்கு. முதல் பங்கு சிறியது, இரண்டாவதுதான் பெரியது. 767-இன் நீளம் 48.5 மீட்டர். மீட்டருக்குச் சராசரியாக 2.6 டன். அசையாத கெட்டிச் சுவரில் அது மோதினால் சராசரி விசை 10,000 டன்னைத் தாண்டும். இறக்கையும் என்ஜினும் வந்து சேரும் கணத்தில் இன்னும் எகிறும்.

கோபுரம் கெட்டிச் சுவர் இல்லை. விமானம் உள்ளே புகுந்து, தூண்களையும் தளங்களையும் அறுத்துக்கொண்டே வேகம் குறைந்து, ஏறத்தாழ 0.6 விநாடியில் நின்றது. நேரம் நீண்டதால் சராசரி விசை 4,000 டன் அளவுக்கு இறங்கியது. இந்த எண்ணைக் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 63 மீட்டர் அகலமும் 417 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு முகத்தில், சதுர மீட்டருக்கு 200 கிலோ வீதம் புயல் காற்று தள்ளினால் மொத்தம் 5,000 டன்னுக்கு மேல் ஆகிறது. அந்தக் கோபுரங்களைக் காற்றுக்கென்று பலமாகக் கட்டியிருந்தார்கள். விமானம் கொடுத்த தள்ளு, புயல் கொடுக்கும் தள்ளின் வரிசையிலேயே இருந்தது. அதனால்தான் இரண்டு கோபுரங்களும் ஆடின, ஆனால் நின்றன. உயரக் கட்டடத்தைக் கவிழ்ப்பது விமானத்தால் ஆகிற காரியம் இல்லை. கட்டடத்தின் எடை விமானத்தின் எடையைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம்.

இதற்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்தது. 1945 ஜூலை 28 காலை, ஏற்காட்டில் மார்கழியில் இறங்குவது போன்ற அடர்ந்த மூடுபனியில் வழி தவறிய அமெரிக்க ராணுவத்தின் பி-25 விமானம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-ஆம் மாடியை ஒட்டி மோதியது. எடை 10 டன், வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரை ஒட்டி. ஆற்றல் 40 மெகா ஜூல், அதாவது நம் ஏ.டி.ஆர். இறங்கும்போது வைத்திருக்கும் அளவுதான். ஒரு என்ஜின் கட்டடத்தை ஊடுருவி எதிர்ப்பக்கம் வெளியே போய் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் கட்டடத்தில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். தீயை 40 நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். மோதியது சனிக்கிழமை, திங்கட்கிழமை பல மாடிகளில் வேலை நடந்தது. எஃகுச் சட்டத்தைச் செங்கல்லாலும் கல்லாலும் கனமாகப் போர்த்திய 1931-ஆம் ஆண்டுக் கட்டுமானம் அது. எரிபொருளும் சில ஆயிரம் லிட்டருக்குள்தான்.

உலக வர்த்தக மையத்தை வடிவமைத்தபோதும் விமான மோதலை எண்ணிப் பார்த்திருந்தார்கள். அன்றைய பெரிய விமானமான போயிங் 707-ஐ வைத்துக் கணக்கு போட்டிருந்தார்கள். மோதலுக்குக் கணக்கு இருந்தது. எரிபொருள் தீப்பிடித்து எரியும்போது என்ன ஆகும் என்பதற்கு எழுத்தில் ஒரு கணக்கும் பின்னாளில் விசாரித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடம்தான் விஷயத்தின் முடிச்சு.

கோபுரத்தின் அமைப்பு இப்படி. நாலு முகங்களிலும் முகத்துக்கு 59 வீதம் 236 எஃகுத் தூண்கள், ஒரு மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நின்றன. மேல் மாடிகளில் அவற்றின் தகடு 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு மாடி மட்டத்திலும் 1.3 மீட்டர் ஆழமான தகடு அந்தத் தூண்களைக் குறுக்கே கோத்திருந்தது. நடுவில் லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி 47 தூண்கள். வெளி முகத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே 18 மீட்டர் வரை நீளும் மெல்லிய கம்பிச் சட்டங்கள், அவற்றின் மேல் 10 சென்டிமீட்டர் லேசான கான்கிரீட் தளம்.

வடக்குக் கோபுரத்தில் விமானம் 35 வெளித்தூண்களையும் 6 நடுத்தூண்களையும் வெட்டியது. தெற்கில் 33 வெளித்தூண்களும் 10 நடுத்தூண்களும் போயின. ஒரு முகத்தில் பாதிக்கு மேல் தூண் இல்லாமலும் கட்டடம் நின்றது. காரணம் குறுக்கே ஓடிய அந்தத் தகடுகள். பாலத்து வளைவில் இறங்குவது போல, ஓட்டைக்கு மேலே இருந்த பாரம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, மிச்சமிருந்த தூண்களில் இறங்கியது. உச்சியில் 107 முதல் 110-ஆம் மாடி வரை இருந்த தொப்பிச் சட்டம் நடுத்தூண்களின் பாரத்தை வெளித்தூண்களுக்கு மாற்றிக் கொடுத்தது. பாரம் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்க வேண்டும் என்பது இதுதான். வடக்குக் கோபுரம் 102 நிமிடம் நின்றது, தெற்கு 56 நிமிடம்.

இனி தீ. ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 38,000 லிட்டர் எரிபொருள். லிட்டருக்கு 35 மெகா ஜூல் என்று போட்டால் மொத்தம் 13 லட்சம் மெகா ஜூல். மோதலில் வந்த 2,500-ஐ இதன் பக்கத்தில் வைத்தால் ஐநூற்றில் ஒரு பங்கு. இருந்தாலும் எரிபொருளே கோபுரத்தைச் சாய்த்துவிடவில்லை. அது சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்தது. அது செய்த வேலை, பல மாடிகளில் ஒரே நேரத்தில் தீ வைத்தது. அதன் பிறகு எரிந்தவை மேசை, நாற்காலி, தரைவிரிப்பு, காகிதம். எந்த அலுவலகத்திலும் இருப்பவைதான். ஓரிடத்தில் 20 நிமிடம் போல எரிந்து, அடுத்த இடத்துக்குத் தீ நகர்ந்தது. காற்றின் வெப்பம் 1,000 டிகிரி வரை போனது.

“இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டுமே” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உருக வேண்டியதே இல்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இழுத்து இழுத்து விறைத்துப்போன வெள்ளிக் கம்பியை ஊதுகுழல் தீயில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டி எடுக்கிறார்கள். கம்பி உருகவில்லை, வடிவம் மாறவில்லை. ஆனால் விறைப்பு போய்விட்டது, விரலால் வளைக்கலாம். கட்டட எஃகுக்கும் சூடு இப்படித்தான் பலத்தைப் பிடுங்குகிறது. 400 டிகிரி வரை பலம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். 500-இல் முக்கால் பங்கை ஒட்டி நிற்கும். 600-இல் பாதிக்கும் கீழே, 700-இல் கால் பங்குக்கும் கீழே. வளையாமல் நிற்கும் விறைப்பு இன்னும் வேகமாகக் குறைகிறது. 600 டிகிரியில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

தீ ஏறியதும் அந்த நீளமான தளச் சட்டங்கள் தொய்ந்தன. தொய்ந்த தளம், நனைந்த புடவை கொடிக்கயிற்றை இழுப்பது போல, வெளித்தூண்களை உள்ளே இழுத்தது. வடக்குக் கோபுரத்தின் தெற்கு முகம் விழுவதற்குச் சில நிமிடம் முன்பு 1.4 மீட்டர் வரை உள்வாங்கியிருந்தது படங்களில் தெரிகிறது. நேராக நின்றால் ஆயிரம் டன்னைச் சுமக்கும் தூண், வளைந்துவிட்டால் தன் மேல் இருப்பதைச் சுமக்காது. பாரம் பக்கத்துத் தூணுக்குப் போகிறது, அதுவும் வளைகிறது. ஒரு முகம் முழுதும் மடங்கியதும் மேலே இருந்த மாடிகள் மொத்தமாக இறங்கின. அந்த வேகத்தில் வரும் எடையைத் தடுக்க எந்தத் தளத்தாலும் ஆகாது.

அமெரிக்கத் தேசிய தரநிலை நிறுவனம் 2005-இல் கொடுத்த விசாரணை அறிக்கையில் ஒரு முடிவு இருக்கிறது. எஃகின் மேல் தெளித்திருந்த தீக்காப்புப் பூச்சு மோதலில் பரவலாக உதிராமல் இருந்திருந்தால், இத்தனை தூண்கள் போயும், இத்தனை தீ எரிந்தும், கோபுரங்கள் நின்றிருக்கக் கூடும் என்பது அது. சில சென்டிமீட்டர் பூச்சு!

சேலம் ஸ்டீல் பிளாண்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1,600 டிகிரி உருக்கைச் சுமக்கும் லேடில் என்ற கொப்பரையின் வெளி ஓடும் எஃகுதான். அது உருகாமல் இருப்பது உள்ளே அடுக்கிய மக்னீசியாச் செங்கல்லால். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பது அந்த மக்னீசியாதான். ஒரே ஒரு செங்கல் கழன்றாலும் அந்த இடத்தில் ஓடு சிவக்கிறது. அப்புறம் ஓடு எவ்வளவு கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டடத்திலும் இதே கதை. ஆனால் கட்டடத்தின் காப்பு செங்கல் இல்லை. வெர்மிகுலைட், ஜிப்சம், கனிம நார் இவற்றைக் கலந்து தெளிக்கும் லேசான பூச்சு. விரலால் கீறினால் உதிரும்.

அதனால் 2009-க்குப் பின் அமெரிக்க விதிகள் பூச்சின் கனத்தோடு அதன் பிடிமானத்தையும் அளக்கச் சொல்கின்றன. சாதாரணக் கட்டடத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ இழுத்தாலும் பிரியக் கூடாது. 23 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தில் 2,100 கிலோ. 128 மீட்டரைத் தாண்டினால் 4,880 கிலோ. பிடிமானம் கெடுவது பெரும்பாலும் சைட்டில்தான். எண்ணெய்ப் பிசுக்கையும் உதிரும் துருவையும் துடைக்காமல் தெளிப்பது ஒரு தப்பு. பூச்சோடு ஒட்டாத பிரைமர் அடித்துவிட்டு அதன் மேல் தெளிப்பது இன்னொன்று. எல்லாம் சரியாக முடிந்த பிறகு ஏ.சி. டக்ட் மாட்டுகிறவர் கிளாம்ப் போடுவதற்காக ஒரு சாண் அகலம் சுரண்டிவிட்டுப் போவார். ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அந்தச் சாண் யார் கண்ணிலும் படாது. தீ மட்டும் அதைக் கண்டுபிடிக்கும்.

கான்கிரீட் எஃகை விடத் தீயை நன்றாகத் தாங்கும். உள்ளே சூடு மெதுவாகத்தான் இறங்கும். 2014-இல் முடிந்த ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரில் படிக்கட்டும் லிஃப்டும் குழாய்களும் கனமான கான்கிரீட் சுவர்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கான்கிரீட்டின் பலம் 97 மெகா பாஸ்கல் வரை போகிறது. நம் ஊரில் வழக்கமாகப் போடும் எம்25 தரக் கான்கிரீட்டைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. இப்படி இறுக்கமான கான்கிரீட்டுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் மேல் தோலை வெடித்துத் தள்ளும். அதற்காகவே கன மீட்டருக்கு ஒன்று, இரண்டு கிலோ பாலிபுரோப்பிலீன் நூல் கலப்பார்கள். 160 டிகிரியை ஒட்டி அது உருகி, நீராவி போக நுண்ணிய வழி விட்டுவிடும்.

அப்படியென்றால் விமானமே நுழையாத கெட்டிச் சுவர் கட்டினால் என்ன? கட்டலாம். 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 19 டன் எடையுள்ள போர் விமானத்தை மணிக்கு 775 கிலோமீட்டர் வேகத்தில் 3.66 மீட்டர் கனமான கான்கிரீட் பாளத்தில் மோதவிட்டார்கள். விமானம் தூள் தூளானது. என்ஜின் பதிந்த ஆழம் 6 சென்டிமீட்டர், உடல் பதிந்தது 2 சென்டிமீட்டர். கூடங்குளம் உலைகளுக்கு இரட்டைக் கான்கிரீட் கூடு இருப்பது உலைக்குப் பொருந்தும். ஜன்னல் வைத்து மனிதர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. விமான மோதலுக்கென்று வடிவமைக்க வேண்டும் என்று அமெரிக்கப் பொது விதிகளும் சாதாரணக் கட்டடத்தைக் கேட்பதில்லை, நம் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) விதிகளும் கேட்பதில்லை. அது சரியான முடிவு. விதி கேட்பது வேறு ஒன்று: ஒரு பகுதி போனால் அதோடு நிற்க வேண்டும், மற்றவர்கள் இறங்கி வர நேரம் கிடைக்க வேண்டும்.

இறங்கி வருவது என்றால் படிக்கட்டு. அன்று காலை இரண்டு கோபுரங்களிலும் சுமார் 17,400 பேர் இருந்தார்கள். மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதம் பேர் பிழைத்தார்கள். வடக்குக் கோபுரத்தில் மூன்று படிக்கட்டுகளும் நடுப்பகுதியில் நெருக்கமாக, ஜிப்சம் பலகைச் சுவருக்குள் இருந்தன. ஒரே அடியில் மூன்றும் போயின. அதற்கு மேலே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. தெற்குக் கோபுரத்தில் மோதிய மாடிகளை ஒட்டி லிஃப்ட் இயந்திர அறைகள் இருந்ததால் அங்கே மட்டும் படிக்கட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் மூலையில் ஒரு படிக்கட்டு தப்பியது. மோதிய மாடிகளிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் அதன் வழியே இறங்கி உயிர் பிழைத்தார்கள். இந்த 18 பேரைக் காப்பாற்றியது இடைவெளி ஒன்றுதான்.

வடக்குக் கோபுரத்தில் ஒரு மாடி இறங்கச் சராசரியாக 48 விநாடி ஆனது. ஒத்திகையில் ஆனதைப் போல இரண்டு மடங்கு. 1993-இல் அங்கே குண்டு வெடித்தபோது புகையிலும் இருட்டிலும் மக்கள் தடுமாறியதைப் பார்த்து, படி விளிம்பிலும் கைப்பிடியிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு அடித்திருந்தார்கள். 2001-இல் அது பலரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. அமெரிக்காவில் உயரக் கட்டடங்களுக்கு இப்போது அது விதி. 128 மீட்டருக்கு மேல் போனால் கூடுதலாக ஒரு படிக்கட்டு, அடி தாங்கும் படிக்கட்டுச் சுவர் என்பவையும், அதைவிடக் குறைந்த உயரத்திலிருந்தே தீயணைப்பு வீரர்களுக்கு லிஃப்டும் சேர்ந்துவிட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினாலே உயர்மாடிக் கட்டடம். சேலத்தில் அப்படிப்பட்டவை வேகமாக எழுகின்றன. விமான நிலையச் சுற்றுவட்டத்தில் கட்டுகிறவர்கள் இந்திய விமான நிலைய ஆணையத்திடம் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். விமானப் பாதைக்குள் கட்டடம் நீட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எந்தத் தூணையும் விட மலிவான பாதுகாப்பு. இதைச் சம்பிரதாயக் காகிதமாக எண்ணி, அனுமதித்த உயரத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் செல்போன் கோபுரமும் ஏற்றுவது பெரிய தவறு. ஓடுபாதையை ஒட்டிய தாழ்ந்த கட்டடங்களும் ஆபத்துக்கு வெளியே இல்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட போயிங் 787 விழுந்தது ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல்தான்.

விமானம் வராத கட்டடத்துக்கும் தூண் போகலாம். லாரி மோதலாம், சிலிண்டர் வெடிக்கலாம். 1968-இல் லண்டன் ரோனன் பாயிண்டில் 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் சமையல் எரிவாயு வெடித்து, ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். ஒரு சுவர் போனதற்கு ஒரு மூலை முழுதும் விழுந்தது. ஒரு தூணை இல்லாமல் ஆக்கிப் பார்த்துக் கணக்கு போடும் முறை அதற்குப் பின்தான் வேரூன்றியது.

நாமும் ஒரு தூணை எடுத்துப் பார்ப்போம். 6 மீட்டர், 6 மீட்டராக இரண்டு பீம், நடுவில் ஒரு காலம், அதாவது தூண். சாதாரண நாளில் நடுக் காலத்துக்கு மேலே பீமின் மேல்பக்கம் இழுபடுகிறது. அதனால் டிசைனர் அங்கே மேல் கம்பியை அள்ளி வைப்பார். கீழ்க் கம்பிக்கு அங்கே வேலை இல்லை என்று பாதிக் கம்பியை நிறுத்திவிடுவார்கள், மீதியைக் காலத்துக்குள் ஒப்புக்கு நுழைத்துவிடுவார்கள். காலம் போன கணத்தில் இரண்டு பீமும் சேர்ந்து 12 மீட்டர் பீம் ஆகிறது. பக்கத்துக் காலங்களின் முகத்தில் மொமெண்ட், அதாவது பீமை வளைக்கும் விளைவு, நாலு மடங்கு. அதைவிட மோசம், காலம் இருந்த இடத்தில் மொமெண்ட் தலைகீழாகிறது. இப்போது இழுபடுவது கீழ்ப்பக்கம். அங்கே கீழ்க் கம்பி தொடர்ந்து ஓடியிருந்தால், பீம் விரிசல் விட்டு, தொய்ந்து, தூளி போலத் தொங்கிக்கொண்டாவது நிற்கும். ஓடவில்லை என்றால் கம்பி உருவிக்கொண்டு வரும், தளம் கீழ்த் தளத்தின் மேல் விழும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அதே செப்டம்பர் 11-இல் பென்டகனில் மோதிய போயிங் 757 முதல் மாடித் தூண்களை வரிசையாக அறுத்தும், மேலே இருந்த பகுதி சுமார் 20 நிமிடம் கழித்தே விழுந்தது. 1940-களின் தொடக்கத்தில் கட்டிய அந்தக் கட்டடத்தில் தூண்களின் கம்பிகளைச் சுற்றி நெருக்கமான சுருள் ரிங் போட்டிருந்தார்கள், பீமின் கீழ்க் கம்பிகளைத் தாங்கிகளின் ஊடே தொடர்ந்து ஓட்டியிருந்தார்கள். கான்கிரீட் தோல் உரிந்த பிறகும் சுருளுக்குள் இருந்த மையம் பாரம் சுமந்தது.

ஐ.எஸ். 1893-இன் 2016 பட்டியலில் சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலம். அதனால் ஐ.எஸ். 13920 சொல்லும் கம்பி விவரங்கள் இங்கே பொருந்துகின்றன. நிலநடுக்கத்துக்காக வைக்கும் அதே கம்பி, தூண் போனாலும் காப்பாற்றுகிறது. கூடுதல் செலவு ரிங் கம்பியிலும் கம்பி கட்டும் கூலியிலும்தான். காலத்தின் இரு முனையிலும் ரிங் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும், மடக்கிய வால் குறைந்தது 65 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சைட்டில் 90 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள். மடக்குவது சிரமம், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தோல் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 டிகிரி ரிங் வாய் திறந்துகொள்ளும். காலக் கம்பியின் லேப், அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் இடம், காலத்து உயரத்தின் நடுப்பாதியில் வர வேண்டும். தளத்தை ஒட்டி லேப் போடும் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.

தீக்கு நம் கான்கிரீட் கட்டடத்தில் பூச்சு கிடையாது, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனமான கவர்தான் பூச்சு. ஐ.எஸ். 456 காலத்துக்கு 40 மில்லிமீட்டர் கேட்கிறது. இரண்டு மணி நேரத் தீ தாங்க, தொடர்ந்து ஓடும் பீமுக்கு 30, தொடர் சிலாபுக்கு 25. கவர் பிளாக் தீர்ந்துவிட்டது என்று ஜல்லியை அண்டக் கொடுத்தால், வைப்ரேட்டர் போட்டதும் அது உருண்டுவிடும். கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். பலகை பிரித்ததும் கம்பி தெரிகிற இடத்தில் சிமெண்ட் பால் தேய்த்து மறைப்பது தீயை ஒரு நிமிடம்கூடத் தடுக்காது.

படிக்கட்டில் நடக்கும் தப்புகள் கண்ணுக்குத் தெரிந்தே நடக்கின்றன. இரண்டு படிக்கட்டு வேண்டும் என்ற விதிக்கு, ஒரே ஷாஃப்டில் முதுகோடு முதுகாக இரண்டைக் கட்டுவது. வடக்குக் கோபுரத்தில் மூன்று படிக்கட்டும் ஒன்றாகப் போனது இந்த நெருக்கத்தால்தான். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய தீக்கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைப்பது. கதவு திறந்திருந்தால் படிக்கட்டுக்குள் புகை வராமல் காற்றழுத்தம் கொடுக்கும் மின்விசிறி ஓடியும் பயனில்லை. மின் கேபிள் ஷாஃப்டில் ஒவ்வொரு தளத்திலும் ஓட்டையை அடைக்காமல் விடுவது. புகை மாடிக்கு மாடி ஏற அது புகைபோக்கி. படிக்கட்டின் அடியில் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடுவது.

கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் டேப்போடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் காலமும் பீமும் சேரும் முடிச்சு. அங்கே குனிந்து கீழ்க் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காலத்தின் இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்குக் குறைந்தது இரண்டு கம்பியாவது முறியாமல் ஓடுகிறதா? ஓடாமல் காலத்துக்குள் ஒரு சாண் நுழைந்து நின்றிருந்தால், மறுநாள் கான்கிரீட் லாரியை நிறுத்தச் சொல்ல அதுவே போதும். எம்25 கான்கிரீட்டில் 16 மில்லிமீட்டர் எஃப்.இ. 500 தரக் கம்பி முழுப் பலத்தையும் பிடிக்க 780 மில்லிமீட்டர் வேண்டும். காலத்தின் இரு முகங்களிலிருந்தும் அவ்வளவு நீளம் வெளியே வரும்படி இரண்டு தனிக் கம்பியை ஊடே விட்டு, ரிங்கோடு சேர்த்துக் கட்டச் சொல்லலாம். டிசைனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்தால் மேஸ்திரிக்கு ஒரு முடிச்சுக்கு அரை மணி நேர வேலை.